2147483647: கண் பார்வை இழந்த ஆய்லர் முடித்துவைத்த கணக்கு

2014 டிசம்பரில் யூடியூப் ஒரு வேடிக்கையான அறிவிப்பை வெளியிட்டது. தென் கொரியப் பாடகர் சையின் கங்னம் ஸ்டைல் வீடியோவை இத்தனை பேர் பார்ப்பார்கள் என்று யாரும் நினைக்கவில்லை, பார்வைகளை எண்ணும் கவுன்ட்டரின் எல்லையே வந்துவிட்டது, அதனால் கவுன்ட்டரைப் பெரிதாக்க வேண்டியதாகிவிட்டது என்றது அந்த அறிவிப்பு. கொஞ்சம் விளையாட்டுக்காகச் சொன்னதுதான். தேவையான மாற்றத்தை அவர்கள் முன்கூட்டியே செய்து வைத்திருந்தார்கள். ஆனால் எல்லை உண்மையானது. அது 2147483647. நம் கணக்கில் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647.

புரோகிராமிங் தெரிந்தவர்களுக்கு இந்த எண் பழைய நண்பன். கம்ப்யூட்டர் ஒரு முழு எண்ணைச் சேமிக்க 32 பிட்களை ஒதுக்கினால், அதில் ஒன்று அந்த எண் பிளஸ்ஸா மைனஸா என்பதைக் குறிக்கப் போய்விடும். மிச்சம் 31. அந்த 31 இடங்களிலும் 1 என்று நிரப்பினால் கிடைப்பதுதான் இந்த எண். அதாவது, 2-ஐ 31 முறை பெருக்கி, வருவதில் ஒன்றைக் கழித்தால் 2147483647. சில பழைய கேம்களில் இதற்கு மேல் காசு சேர்க்க முடியாமல் போவதும் இதனால்தான்.

இதே எண்ணுக்கு இன்னொரு குணமும் உண்டு. கம்ப்யூட்டருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2147483647 ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாது. கம்ப்யூட்டர், கால்குலேட்டர் எதுவும் இல்லாத 1772-ல் இதை உலகத்துக்கு உறுதியாகச் சொன்னவர் லியோனார்ட் ஆய்லர். அப்போது அவருக்கு வயது 65. இரண்டு கண்களிலும் ஏறக்குறைய பார்வை இல்லை.

போதகர் ஆகவேண்டிய பையன்

ஆய்லர் 1707 ஏப்ரல் 15 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் பிறந்தார். அப்பா பால் ஆய்லர் புராட்டஸ்டன்ட் சபையில் போதகர். ஊரை ஒட்டிய ரீஹன் என்ற கிராமத்தில் வளர்ந்தார். பையனும் அப்பாவைப் போல் போதகர் ஆகவேண்டும் என்பதுதான் வீட்டில் போட்டிருந்த திட்டம். ஆனால் அந்த அப்பாவே இளம் வயதில் யாக்கோப் பெர்னூலி என்ற பெரிய கணித மேதையிடம் பாடம் கேட்டவர். வீட்டில் மகனுக்கு முதலில் கணக்கு சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். அப்புறம் பையன் கணக்குப் பக்கம் சாய்ந்தான் என்றால் யாரைக் குறை சொல்வது?

13 வயதில் பாசெல் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். யாக்கோபின் தம்பி யோஹான் பெர்னூலி அங்கே பேராசிரியர். அவரிடம் தனியாகப் பாடம் கேட்கப் போனார் ஆய்லர். எனக்கு நேரமில்லை என்று மறுத்த பெர்னூலி, ஒரு வழி மட்டும் சொன்னார். கடினமான புத்தகங்களை நீயாகப் படி, புரியாததை மட்டும் சனிக்கிழமை மதியம் வந்து கேள். ஆய்லர் வாரம் முழுக்க மண்டையை உடைத்துக்கொண்டு படித்து, சந்தேகங்களின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டே போனார். கடைசியில் பெர்னூலியே அவருடைய அப்பாவிடம் பேசி, பையனை கணக்குக்கு விடச் சொன்னார்.

1727-ல் பாசெலில் இயற்பியல் பேராசிரியர் இடம் ஒன்று காலியானது. விண்ணப்பித்தார். கிடைக்கவில்லை. 20 வயதுகூட நிரம்பாதவரை யார் பேராசிரியராக எடுப்பார்கள்? ரஷ்யாவில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், புதிதாக ஆரம்பித்த அறிவியல் அகாடமியில் யோஹானின் மகன் டேனியல் பெர்னூலி ஏற்கெனவே வேலையில் இருந்தார். அவர் அங்கே ஓர் இடம் வாங்கிக் கொடுத்தார். கணக்கில் இல்லை, மருத்துவப் பிரிவில்! அதற்காக ஆய்லர் சில மாதங்கள் உடலியங்கியல் படித்துவிட்டுக் கிளம்பினார். படகு, வண்டி, கப்பல் என்று மாறி மாறிப் பயணித்து அவர் ரஷ்ய மண்ணில் காலடி வைத்த நாளில்தான் அகாடமிக்கு ஆதரவாக இருந்த மகாராணி முதலாம் கேத்தரின் இறந்துபோனார். அகாடமி நீடிக்குமா என்பதே சந்தேகமாகிவிட்டது. கொஞ்ச காலம் ரஷ்யக் கடற்படையில் மருத்துவப் பிரிவு அதிகாரியாகவும் வேலை பார்த்தார். பிறகு கணக்குக்கு வந்து சேர்ந்தார். பாசெலுக்குத் திரும்பிப் போகவே இல்லை.

ஒரு கடிதத்தின் பின்குறிப்பு

எண்களின் குணங்களை ஆராயும் துறைக்கு ஆய்லரை இழுத்து வந்தவர் கிறிஸ்டியான் கோல்ட்பாக். அகாடமியின் முதல் செயலாளர். 1729 டிசம்பர் 1 அன்று மாஸ்கோவிலிருந்து ஆய்லருக்கு எழுதிய கடிதத்தின் கடைசியில், பின்குறிப்பாக ஒரு கேள்வி வைத்தார். பிரான்ஸில் வாழ்ந்த பியர் டி ஃபெர்மா சொல்லிவிட்டுப்போன ஒரு விஷயத்தைக் கவனித்தாயா என்பது கேள்வி.

ஃபெர்மா சொன்னது இது. 3, 5, 17, 257, 65537 என்று ஒரு வரிசை. ஒவ்வோர் எண்ணிலும் ஒன்றைக் கழித்து, அதை அதே எண்ணால் பெருக்கி, மறுபடி ஒன்றைக் கூட்டினால் அடுத்த எண் வரும். இந்த ஐந்தும் பகா எண்கள். இப்படியே போனால் வருவது எல்லாமே பகா எண்களாகத்தான் இருக்கும் என்பது ஃபெர்மாவின் நம்பிக்கை. நிரூபணம் கொடுக்கவில்லை. 65537-க்கு அடுத்தது 4294967297. அது பெரிய எண் என்பதால் யாரும் அதில் கைவைக்கவில்லை.

ஆய்லர் முதலில் பெரிதாக ஆர்வம் காட்டவில்லை. கோல்ட்பாக் விடாமல் மறுபடி கேட்க, அவர் அதில் விழுந்தார். 1732-ல் அகாடமிக்கு ஒரு சிறு கட்டுரை கொடுத்தார். 4294967297-ஐ 641 மீதியின்றி வகுக்கிறது. ஈவு 6700417. முடிந்தது ஃபெர்மாவின் நம்பிக்கை.

அந்த 641 எப்படி ஆய்லரின் கண்ணில் பட்டது? ஒவ்வொரு எண்ணாக வகுத்துப் பார்த்து அல்ல. பல ஆண்டுகள் கழித்து எழுதிய கட்டுரையில் அதை விளக்கினார். 4294967297-க்கு ஒரு பகாக் காரணி இருந்தால், அதை 64-ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தே தீர வேண்டும். அந்த நிபந்தனைக்கு உட்பட்ட பகா எண்களை வரிசையாக எழுதினால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியிலேயே பூட்டு திறந்துவிடும். எண்ணைத் தாக்குவதற்கு முன்பு, எங்கே தாக்க வேண்டாம் என்று முடிவு செய்வது. நாற்பது ஆண்டுகள் கழித்து 2147483647-ஐ அவர் பிடித்ததும் இதே வழியில்தான்.

கோல்ட்பாக்கும் ஆய்லரும் கிட்டத்தட்ட 200 கடிதங்கள் எழுதிக்கொண்டார்கள். 1764-ல் கோல்ட்பாக் இறக்கும் வரை அது நிற்கவில்லை.

துறவி போட்ட பட்டியல்

2147483647-க்கு ஆய்லருக்கு முன்பே ஒரு கதை உண்டு. 2-ஐ சில முறை பெருக்கி ஒன்றைக் கழித்தால் வரும் எண்கள்மீது கிரேக்கர்கள் காலத்திலிருந்தே ஒரு கண் இருந்தது. காரணம், நிறைவு எண்கள். ஓர் எண்ணைவிடச் சிறிய அதன் வகுத்திகளைக் கூட்டினால் அதே எண் வந்தால், அது நிறைவு எண். 6-ஐ எடுத்துக்கொண்டால் 1, 2, 3. கூட்டினால் 6. அடுத்தது 28. இந்த வகைப் பகா எண் ஒன்று கையில் கிடைத்தால், அதிலிருந்து ஒரு நிறைவு எண் செய்துவிடலாம் என்று யூக்ளிட் காட்டியிருந்தார். அப்படி இல்லாமல் வேறு வழியில் இரட்டைப்படை நிறைவு எண் வரவே வராது என்று நிரூபித்தது, 2,000 ஆண்டுகள் கழித்து, நம் ஆய்லர்.

இத்தாலியின் பொலோன்யாவில் இருந்த கட்டால்டி 1588-ல் 19 அடுக்கு வரை வந்திருந்தார். 524287 ஒரு பகா எண். 724 வரையுள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்த்து உறுதி செய்தார். 23, 29, 31, 37 அடுக்குகளும் பகா எண் தரும் என்று சேர்த்துச் சொல்லிவிட்டார். அதில் 23-ம் 37-ம் தப்பு என்று ஃபெர்மா காட்டினார். 29-ம் தப்பு, அது 1103-ஆல் வகுபடும் என்று 1732 கட்டுரையிலேயே ஆய்லர் காட்டினார். ஆக, நால்வரில் மிஞ்சியது 31 மட்டும்.

இடையில் 1644-ல், பாரிஸில் மரின் மெர்சென் என்ற துறவி ஒரு பட்டியல் போட்டார். 257 வரையுள்ள அடுக்குகளில் எவையெல்லாம் பகா எண் தரும் என்ற பட்டியல். அதில் 31 இருந்தது. ஆனால் மெர்சென் அத்தனையையும் சோதித்திருக்க வாய்ப்பே இல்லை. பின்னாளில் சரிபார்த்தபோது 67, 257 இரண்டும் தவறு, 61, 89, 107 மூன்றும் விடுபட்டவை என்று தெரிந்தது. ஐந்து பிழை இருந்தும் இந்த வகை எண்களுக்கு மெர்சென் பெயர்தான் நிலைத்துவிட்டது. கணித உலகில் இப்படியும் நடக்கும்.

31-ஐப் பொறுத்தவரை, மெர்சென் சொன்னது சரியா தப்பா என்று அப்போது யாருக்கும் தெரியாது. ஆய்லருக்கும்தான்.

ஒற்றைக் கண்ணோடு பெர்லினுக்கு

1734-ல் ஆய்லர் ஓவியர் கெயார்க் க்செலின் மகள் கத்தரீனாவைத் திருமணம் செய்துகொண்டார். நேவா நதிக்கரையில் வீடு. 13 குழந்தைகள் பிறந்தன. சிறு வயதைத் தாண்டிப் பிழைத்தவர்கள் 5 பேர்தான். மடியில் ஒரு குழந்தை, காலடியில் மற்றவை விளையாடிக்கொண்டிருக்க, அதற்கு நடுவிலேயே கணக்கு எழுதுவார் என்று அவரை அறிந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். வொர்க் ஃப்ரம் ஹோம் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புரியும்.

1735-ல் கடும் காய்ச்சலில் உயிர் பிழைத்ததே பெரிய விஷயமானது. 1738-ல் வலது கண் பார்வை போனது. ரஷ்யாவின் வரைபடங்களைத் தயாரிக்கும் வேலையில் கண்களை வாட்டியதுதான் காரணம் என்று ஆய்லர் நம்பினார்.

ரஷ்யாவில் அரசியல் நிலைமையும் மோசமானது. 1741-ல் பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக் அழைத்தார். குடும்பத்தோடு பெர்லின் போனார். அங்கே ராஜமாதாவைச் சந்தித்தபோது அவர் என்ன கேட்டாலும் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னாராம். ஏன் பேசவே மாட்டேன் என்கிறீர்கள் என்று ராஜமாதா கேட்க, வாயைத் திறந்தால் தூக்கில் போடும் நாட்டிலிருந்து வருகிறேன் என்று காரணம் சொன்னாராம்.

பெர்லினில் 25 ஆண்டுகள். சுமார் 380 ஆய்வுகள். இன்று பள்ளிப் பாடத்தில் வரும் சார்பு என்ற கருத்துக்கு அடித்தளம் போட்ட புத்தகம் அவர் அங்கே இருந்தபோதுதான் வெளியானது. ஆனால் மன்னருக்கும் அவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. பிரடெரிக்குக்குத் தேவை வால்டேர் மாதிரி விருந்து மேசையில் சுவையாகப் பேசுகிற ஆட்கள். ஆய்லரோ தினமும் வீட்டில் பைபிள் படித்துக் காட்டும், ஆடம்பரம் தெரியாத குடும்பஸ்தர். ஒற்றைக் கண் அரக்கன் என்ற பொருளில் மன்னர் அவருக்குப் பட்டப்பெயர் வைத்தார். உலகின் தலைசிறந்த கணித மேதையை வேலைக்கு வைத்துக்கொண்டு, அவர் இழந்த கண்ணைக் கேலி செய்தவர் என்ற பெயரும் அந்த மன்னருக்குச் சேர்ந்துதான் வருகிறது. அகாடமியின் தலைவர் பதவி காலியானபோது அந்த வேலைகளையெல்லாம் செய்தது ஆய்லர்தான். பதவியை மட்டும் தரவில்லை.

இந்த பெர்லின் நாட்களில்தான் 31-ம் அடுக்கு மறுபடி தலைகாட்டுகிறது. 1752-ல் கோல்ட்பாக்குக்கு எழுதிய கடிதத்தில், தனக்கு உறுதியாகத் தெரிந்த நிறைவு எண்கள் ஏழுதான் என்றார் ஆய்லர். 2147483647 பகா எண்ணாக இருந்தால் எட்டாவது கிடைத்துவிடும். ஆனால் அது பகா எண்ணா இல்லையா என்பது தனக்குத் தெரியாது என்றே எழுதினார். மெர்சென் பட்டியலில் இருக்கிறது என்பது அவருக்குப் போதவில்லை.

தீ, அறுவை சிகிச்சை, இருட்டு

1766-ல், 59 வயதில், பெர்லினை உதறிவிட்டு செயின்ட் பீட்டர்ஸ்பர்க் திரும்பினார். இப்போது ரஷ்யாவை ஆண்டது இரண்டாம் கேத்தரின். நல்ல சம்பளம், வீடு, மகன்களுக்கு வேலை என்று கேட்டதெல்லாம் கிடைத்தது. ஆனால் வந்த கொஞ்ச நாளிலேயே மிச்சமிருந்த இடது கண்ணையும் கண்புரை மூடத் தொடங்கியது.

பார்வை மங்க மங்க, வேலை செய்யும் முறையை மாற்றினார். பெரிய சிலேட்டுப் பலகையில் சாக்பீஸால் பெரிய பெரிய எழுத்தில் எழுதினார். பிறகு அதுவும் முடியாமல் போனபோது வாயால் சொல்லச் சொல்ல மற்றவர்கள் எழுதினார்கள். இயற்கணிதப் பாடநூல் ஒன்றை, முன்பு தையல் வேலை பார்த்துவந்த ஓர் இளைஞருக்குச் சொல்லிச் சொல்லி எழுத வைத்தார். அவருக்குக் கணக்கு தெரியாது. எழுதி முடித்தபோது அந்த இளைஞரே அதில் வரும் கணக்குகளைப் போடும் அளவுக்குத் தேறிவிட்டாராம். அந்தப் புத்தகம் பிற்பாடு பல மொழிகளில் போய், தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்பட்டது.

1771-ல் நகரத்தில் பெரும் தீ. ஆய்லரின் வீடும் எரிந்தது. உள்ளே மாட்டிக்கொண்ட அவரை, பாசெலைச் சேர்ந்த பீட்டர் கிரிம் என்ற கைவினைஞர் நெருப்புக்குள் புகுந்து தூக்கி வந்தார். வீடும் சாமான்களும் போயின. கையெழுத்துப் பிரதிகளில் பெரும்பகுதி தப்பியது. அதே ஆண்டு இடது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. கட்டைப் பிரித்ததும் பார்வை தெரிந்தது! சில நாட்கள்தான். தொற்று ஏற்பட்டு, தாங்க முடியாத வலியோடு அதுவும் போய்விட்டது.

மனிதர் ஓய்ந்துவிடுவார் என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள். நடந்தது தலைகீழ். அவருடைய மொத்தப் படைப்புகளில் ஏறக்குறைய பாதி இந்தக் கடைசிக் கால ரஷ்ய வாசத்தில் வந்தவை. நிலவின் இயக்கத்தைப் பற்றி 700 பக்கங்களைத் தாண்டிய புத்தகம் 1772-ல் வெளியானது. மகன் யோஹான் ஆல்பிரெக்ட், கிராஃப்ட், லெக்செல் மூவரும் உடனிருந்து கணக்கிட்டார்கள். 1775-ல் சராசரியாக வாரத்துக்கு ஓர் ஆய்வுக் கட்டுரை.

இதற்குக் கைகொடுத்தது அவருடைய நினைவாற்றல். முதல் 100 எண்களின் ஆறாவது அடுக்கு வரை மனப்பாடம் என்றும், வர்ஜிலின் ஈனியட் காவியத்தை முழுவதும் சொல்வார் என்றும், தன்னிடமிருந்த பதிப்பின் ஒவ்வொரு பக்கத்திலும் முதல் வரி எது, கடைசி வரி எது என்றுகூடச் சொல்வார் என்றும் அவர் இறந்த பிறகு நிகழ்த்திய அஞ்சலி உரைகளில் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

எண்பது சொச்சம் வகுத்தல்கள்

1772-ம் ஆண்டுக்கான பெர்லின் அகாடமி ஏட்டில் ஆய்லரின் ஒரு சிறு கடிதம் அச்சானது. யாருக்கு எழுதியது தெரியுமா? மூன்றாம் யோஹான் பெர்னூலிக்கு. சனிக்கிழமை மதியங்களில் சந்தேகம் தீர்த்துவைத்த அதே யோஹான் பெர்னூலியின் பேரன். அந்தக் கடிதத்தில்தான் ஆய்லர் 2147483647 பகா எண் என்று அறிவித்தார். எப்படி என்பதையும் சில வரிகளில் சொன்னார்.

ஓர் எண் பகா எண்ணா என்று பார்க்க, அதன் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். 2147483647-ன் வர்க்கமூலம் 46340-க்குச் சற்று மேல். அதுவரை உள்ள பகா எண்கள் 4,792. கையால் 4,792 முறை, ஒவ்வொரு முறையும் பத்து இலக்க எண்ணை வகுப்பது சாத்தியமில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் எங்கோ ஓரிடத்தில் தப்பு வரும்.

ஆய்லர் இரண்டு சல்லடைகள் வைத்திருந்தார். முதல் சல்லடை, ஃபெர்மா கண்டுபிடித்து ஆய்லர் நிரூபித்த விதியிலிருந்து வருவது. 2147483647-ஐ வகுக்கும் பகா எண் எதுவாக இருந்தாலும், அதை 62-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். 31-ன் இரு மடங்குதான் அந்த 62. இரண்டாவது சல்லடை, அந்தப் பகா எண் 8-ன் மடங்குக்கு ஒன்று முன்போ பின்போ இருக்க வேண்டும்.

நம்ப முடியவில்லை என்றால் சின்ன எண்ணில் சோதித்துப் பார்க்கலாம். 11-ம் அடுக்கை எடுத்தால் 2047. அது 23 பெருக்கல் 89. இங்கே 31-க்குப் பதில் 11 என்பதால் 22-ஆல் வகுக்க வேண்டும். 23-க்கும் மீதி 1, 89-க்கும் மீதி 1. அதோடு, 23 என்பது 24-க்கு ஒன்று முன், 89 என்பது 88-க்கு ஒன்று பின். இரண்டு சல்லடையிலும் இரண்டும் நிற்கின்றன.

இரண்டையும் சேர்த்தால், 2147483647-க்கான காரணியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 மட்டுமே வரலாம். 63, 249, 311, 497, 559, 745, 807, 993, 1055, 1241, 1303 என்று போகும் வரிசை அது. 46340 வரைக்கும் எழுதினாலும் மொத்தம் 400 எண்கள்கூடத் தேறாது. அதிலும் பகா எண்களை மட்டும் வகுத்தால் போதும். மேலே உள்ள 11 எண்களில் பகா எண்கள் 311-ம் 1303-ம் மட்டுமே. 311-ஆல் வகுத்தால் ஈவு 6905092, மீதி 35. ஆக, 311 இல்லை. அடுத்து 1303. அதுவும் இல்லை. இப்படியே போனால் மொத்தம் எண்பது சொச்சம் வகுத்தல்கள். 4,792 எங்கே, எண்பது எங்கே!

கடைசி வரை எதுவும் வகுக்கவில்லை. அன்று அறியப்பட்ட பகா எண்களிலேயே மிகப் பெரியது கிடைத்துவிட்டது. கூடவே எட்டாவது நிறைவு எண்ணும்: 2305843008139952128. 19 இலக்கங்கள்.

அதே கடிதத்தில் போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னார். ஓர் எண்ணின் வர்க்கத்திலிருந்து அந்த எண்ணைக் கழித்து 41-ஐக் கூட்டுங்கள். 1-லிருந்து 40 வரை எதைப் போட்டாலும் பகா எண்ணே வரும். இன்றும் கணித ஆசிரியர்கள் வகுப்பில் காட்டும் வித்தை இது. 41-ல் மாட்டிக்கொள்ளும், விடை 41 பெருக்கல் 41.

கடைசி நாள்

1773-ல் மனைவி கத்தரீனா இறந்தார். அதற்கு முன்பே எட்டுக் குழந்தைகளைச் சிறு வயதில் பறிகொடுத்தவர்கள் அந்தத் தம்பதி. மூன்று ஆண்டுகள் கழித்து, கத்தரீனாவின் தங்கை முறையான சலோமே அபிகாயிலை ஆய்லர் மறுமணம் செய்துகொண்டார். பாசெலிலிருந்து வந்த நிக்கோலாஸ் ஃபுஸ் என்ற இளைஞர் உதவியாளராகச் சேர்ந்து, ஆண்டுக்கணக்கில் அவர் சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு ஆய்லரின் பேத்தியை மணந்து அந்தக் குடும்பத்திலேயே ஒருவரானார்.

1783 செப்டம்பர் 18. அந்த ஆண்டுதான் பிரான்ஸில் மோன்கோல்ஃபியே சகோதரர்கள் வெப்பக் காற்று பலூனைப் பறக்கவிட்டிருந்தார்கள். ஐரோப்பா முழுக்க அதே பேச்சு. பலூன் மேலே போவதைப் பற்றிய கணக்கை ஆய்லர் சிலேட்டில் போட்டு வைத்திருந்தார். மதிய உணவின்போது லெக்செலோடு யுரேனஸ் கிரகத்தின் சுற்றுப்பாதையைப் பற்றிப் பேசினார். அது கண்டுபிடிக்கப்பட்டு இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. மாலையில் மூளையில் ரத்தக் கசிவு. அன்றிரவே உயிர் பிரிந்தது. வயது 76.

அச்சுக்குக் காத்திருந்த கட்டுரைகள் அவ்வளவு இருந்ததால், அவர் இறந்து பல பத்தாண்டுகள் வரை அகாடமி அவருடைய புதிய கட்டுரைகளை வெளியிட்டுக்கொண்டே இருந்தது. மொத்தம் 866 படைப்புகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அவற்றைத் தொகுதிகளாக வெளியிடும் வேலையை சுவிட்சர்லாந்து 1911-ல் ஆரம்பித்து, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தியது.

எண் என்ன ஆனது?

1811-ல் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ, ஆய்லரின் எட்டாவது நிறைவு எண்ணைப் பற்றி எழுதும்போது, இதைவிடப் பெரியதை எவரும் கண்டுபிடிக்கப் போவதில்லை என்றார். இவையெல்லாம் வேடிக்கைக்கு உரியவை, பயன் ஏதும் இல்லாதவை, யார் மெனக்கெடப் போகிறார்கள் என்பது அவர் வாதம். இரண்டுமே பொய்த்தன. 1876-ல் பிரான்ஸின் எதுவார் லூகா 127-ம் அடுக்கு பகா எண் என்று காட்டினார். 39 இலக்கம். 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட இதே வகைப் பகா எண்ணில் 4 கோடியே 10 லட்சத்துக்கும் அதிகமான இலக்கங்கள்.

பயன் விஷயத்திலும் பார்லோ தோற்றார். 2147483647 பகா எண்ணாக இருப்பதை நேரடியாகப் பயன்படுத்தும் ஒரு முறை கம்ப்யூட்டர் உலகில் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கேம், சிமுலேஷன் போன்றவற்றுக்குக் குலுக்கல் மாதிரி எண்கள் வேண்டும். ஓர் எண்ணை எடுத்து 16807-ஆல் பெருக்கி, 2147483647-ஆல் வகுத்து, மீதியை வைத்துக்கொள்ளுங்கள். அந்த மீதியை மறுபடி 16807-ஆல் பெருக்குங்கள். இப்படியே போனால் 214 கோடிக்கும் மேற்பட்ட எண்கள் ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வந்துபோன பிறகுதான் முதல் எண் திரும்ப வரும். வகுக்கும் எண் பகா எண்ணாக இல்லாவிட்டால் இந்தச் சுற்று நடுவிலேயே அறுந்துவிடும். சி பிளஸ் பிளஸ் மொழியின் தரநிலையில் இந்த முறை இன்றும் இருக்கிறது. போதாக்குறைக்கு, ஃபெர்மாவின் விதியை விரித்து ஆய்லர் கண்ட தேற்றம்தான் இணையத்தில் ரகசியம் காக்கும் ஆர்எஸ்ஏ முறையின் அஸ்திவாரம்.

கம்ப்யூட்டருக்கு 2147483647 எல்லையானதும் ஆய்லர் அதைப் பகா எண் என்று நிறுவியதும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத தற்செயல்கள். 31 இடங்கள் மிஞ்சின, அவ்வளவுதான். ஆனால் அந்த எல்லைக்கு ஒரு தேதி உண்டு. பல கம்ப்யூட்டர்கள் நேரத்தை 1970 ஜனவரி 1 தொடங்கி எத்தனை விநாடிகள் கடந்தன என்றுதான் வைத்துக்கொள்கின்றன. 2147483647-வது விநாடி, இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு வருகிறது. நேரத்தை இன்னமும் 32 பிட்டில் வைத்திருக்கும் கருவிகளில் அதற்கு அடுத்த விநாடி எண் மைனஸுக்குத் தாவி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடும். பழைய ரூட்டர்கள், தொழிற்சாலைக் கருவிகள் போன்றவற்றில்தான் கவலை.

உங்கள் கையில் இருப்பது சமீபத்திய போன் என்றால் அது 64 பிட்டுக்கு மாறியிருக்கும். அங்கே எல்லை 9223372036854775807. அது பகா எண் இல்லை. 7-ஆல் வகுபடும்.